முதியோருக்குத் தேவையற்ற சிகிச்சை: நிறுத்தக் கற்றுக்கொடுப்பது யார்?

முதியோர்நல மருத்துவர்:
முதியவர்களுக்குத் தேவைக்கு மிஞ்சிய சிகிச்சை அளிக்கப்படுவதைக் குறைக்க, இன்னொரு வழிகாட்டுதலை வெளியிடுவதைவிட, மருந்தை நிறுத்துவது பற்றிய ஆய்வுக்கும், இளம் மருத்துவர்களைக் கூடவே வைத்துப் பழக்குவதற்கும் நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைத் தொகுத்த பியர்ஸ் அளவுகோல் 1991இலேயே வந்துவிட்டது. எந்த மருந்தை நிறுத்தலாம், எதைத் தொடங்கலாம் என்று சொல்லும் ஸ்டாப், ஸ்டார்ட் அளவுகோல்கள் அயர்லாந்தில் உருவாகி 2008இல் வெளியாயின. தேவையற்ற சோதனைகளையும் சிகிச்சைகளையும் தவிர்க்கச் சொல்லும் 'சூசிங் வைஸ்லி' இயக்கம் அமெரிக்காவில் 2012இல் தொடங்கியது. இத்தனைக்குப் பிறகும், எரிச்சலோ காய்ச்சலோ இல்லாத ஒரு மூதாட்டிக்கு, சிறுநீரில் கிருமி இருப்பதாகச் சோதனை முடிவு வந்த மாத்திரத்தில் ஆன்டிபயாடிக் எழுதப்படுவதை நான் வார்டில் இன்றும் பார்க்கிறேன். அறிகுறி இல்லாதபோது எழுத வேண்டாம் என்ற விதி எழுதுபவருக்குத் தெரியாமல் இல்லை. எழுதாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் தமக்குத் துணை நிற்க யாரும் இல்லை என்ற அச்சத்தில்தான் எழுதுகிறார்.

இதயநோய் மருத்துவர்:
ஐயா, 'தேவையற்றது' என்ற சொல்லை இவ்வளவு எளிதாகப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. எண்பது வயதைக் கடந்தவர்களின் இரத்த அழுத்தத்தை மருந்தால் குறைப்பது வீண் வேலை, ஆபத்தும்கூட என்று ஒரு காலத்தில் எங்களில் பலர் நம்பினோம். 2008இல் வெளியான ஹைவெட் ஆய்வு, 80 வயதும் அதற்கு மேலும் ஆன 3,845 பேரைக் கொண்டு நடத்தப்பட்டது. சிகிச்சை பெற்றோரிடையே எல்லாக் காரணங்களாலும் நேரும் இறப்பு 21 சதவீதம் குறைந்தது. அதற்கு முன்பு மூத்தவர்களிடம் பயின்ற மாணவர்கள், 'வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள்' என்பதைத்தானே கற்றிருப்பார்கள்? ஆசானின் பிழை சீடரோடு நிற்பதில்லை. செலவைக் குறைக்க விரும்பும் நிர்வாகங்களின் கையில் உங்கள் வாதம் முதியவர்களுக்கு எதிரான வேலியாக மாறிவிடும் என்று நான் உண்மையாகவே அஞ்சுகிறேன்.

பராமரிக்கும் மகள்:
நான் மருத்துவம் படித்தவள் அல்லள். என் தந்தைக்கு 84 வயது. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுத்தார்கள். சில வாரங்களில் கால் வீங்கியது. வேறொரு மருத்துவர் வீக்கத்துக்கு நீர் மாத்திரை எழுதினார். அதன்பின் இரவில் நான்கு முறை எழுந்து போனவர், ஒரு நாள் கழிவறை வாசலில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வலிக்கும் தூக்கத்துக்கும் மேலும் இரண்டு மாத்திரைகள் சேர்ந்தன. கடைசியில் ஓர் இளம் மருத்துவர், எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பச் சொல்லி, "இவற்றில் எது முதலில் வந்தது?" என்று கேட்டார். அதுவரை எவரும் கேட்காத கேள்வி அது. அம்லோடிபினை நிறுத்தி வேறொரு மருந்து கொடுத்தார். வீக்கம் வற்றியது, நீர் மாத்திரையும் தேவைப்படவில்லை. இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். தம் பேராசிரியர் ஒவ்வொரு முதியவரிடமும் இப்படித்தான் தொடங்குவார் என்றார்.

இதயநோய் மருத்துவர்:
அம்மா, உங்கள் தந்தை பட்ட துன்பத்துக்கு வருந்துகிறேன். ஆயினும், அந்த இளம் மருத்துவர் அழுத்தத்துக்கான சிகிச்சையைக் கைவிடவில்லை, மாற்றினார் என்பதைக் கவனியுங்கள். அது கூடுதல் கவனமே தவிர, குறைவான சிகிச்சை அன்று.

முதியோர்நல மருத்துவர்:
அந்தக் கூடுதல் கவனத்தைத்தான் நானும் கேட்கிறேன். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோயாக எண்ணி அடுத்த மருந்தை எழுதும் இந்தச் சங்கிலித்தொடரை ரோஷான், குர்விட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1990களிலேயே விவரித்துவிட்டார்கள். ஹைவெட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: மறதிநோய் கண்டறியப்பட்டவர்களும், செவிலியர் பராமரிப்பு தேவைப்பட்டவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. என் வார்டில் படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தாம். மேலும், சில மருந்துகளை விட்டுவிடச் சொன்னதும் ஆய்வுதான். ஆரோக்கியமான முதியவர்கள் 19,114 பேரை ஆராய்ந்த ஆஸ்ப்ரீ ஆய்வு, தினமும் சிறு அளவு ஆஸ்பிரின் உட்கொள்வதால் மறதிநோயோ உடல் இயலாமையோ இல்லாமல் வாழும் காலம் நீளவில்லை, கடும் இரத்தக்கசிவு கூடியது என்று 2018இல் காட்டியது. 2020இல் வெளியான ஆப்டிமைஸ் ஆய்வில், 80 வயதைக் கடந்தவர்களிடம் ஓர் அழுத்த மருந்தைக் குறைத்த பின்னும், 12 வார முடிவில் பெரும்பாலோருக்கு அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தது.

இதயநோய் மருத்துவர்:
பன்னிரண்டு வாரம்! பக்கவாதம் வருவதற்கு அது போதுமான காலமா? பன்னிரண்டு வார முடிவை மட்டும் வைத்து மாணவருக்கு என்ன கற்றுத்தர முடியும்?

பயிற்சி மருத்துவர்:
இருவரிடமும் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். ஒரு சோதனையை எழுதத் தவறியதற்காக நான் பலமுறை கண்டிக்கப்பட்டிருக்கிறேன். தேவையில்லாத சோதனையை எழுதியதற்காக ஒரு முறைகூட இல்லை. கற்றுத்தர விரும்பும் பேராசிரியர்களுக்கோ நேரமில்லை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் கே24 நிதியுதவி, ஆய்வு செய்யும் மருத்துவர்களுக்கு, தம் ஆய்வுக்கும் இளையவர்களை வழிநடத்துவதற்கும் நேரத்தை ஒதுக்கித் தருகிறது. அப்படி ஒருவர் என் அருகில் நின்று, "இதை நிறுத்து, பொறுப்பு என்னுடையது" என்று சொன்ன நாளில்தான் நான் முதன்முதலாக ஒரு மாத்திரையை நிறுத்தினேன்.

இதயநோய் மருத்துவர்:
தம்பி, அப்படியானால் என் நிபந்தனை இதுதான். நிறுத்தச் சொல்லித்தருபவர், நிறுத்திய பின் யார், எப்போது, எதைப் பார்க்க வேண்டும் என்பதையும், எந்த அறிகுறி தெரிந்தால் மீண்டும் தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். அது ஆய்விலும் பதிவாக வேண்டும்.

முதியோர்நல மருத்துவர்:
முழுமனத்துடன் ஏற்கிறேன். அது இல்லாமல் நிறுத்துவது கைகழுவுவதாகும்.

பராமரிக்கும் மகள்:
ஒன்றைச் சொல்லத் தவறிவிட்டேன். மருந்தை மாற்றிய நான்காம் நாள் அந்த இளம் மருத்துவரே தொலைபேசியில் அழைத்தார். அப்பாவை முதலில் உட்கார வைத்தும், பிறகு எழுந்து நிற்கச் செய்தும் அழுத்தத்தை அளக்கச் சொல்லி, நான் இரண்டு எண்களையும் படித்துச் சொல்லும்வரை இணைப்பிலேயே காத்திருந்தார்.