காணி உறுதி, ஐடி கொப்பி எல்லாம் திறந்த மெயில்லதான் போகுது, மெயிலைப் பூட்டி அனுப்புற பிஜிபி பாவிக்கத் தொடங்கிறது பிரயோசனமா?

வெள்ளவத்தை_வாணி:
யாழ்ப்பாணத்தில இருக்கிற எங்கட காணிக்கு அற்றோணித் தத்துவம் எழுத வேணும், அண்ணா கனடாவில, லோயர் புதுக்கடையில, நடுவில நிண்டு மெயில் அனுப்புறது நான். உறுதிட ஸ்கேன், எல்லார்ர ஐடி கொப்பி, பாஸ்போர்ட் முதல் பக்கம், பாங்க் புத்தகம் எண்டு எல்லாம் அந்த மெயிலுக்குள்ளதான் கிடக்கு. அண்மையில சொந்தக்காரர் ஒராள்ர மெயிலுக்குள்ள ஆரோ புகுந்து பழைய மெயிலெல்லாம் வாசிச்சு, அவர் எழுதுற மாதிரியே "எக்கவுண்ட் நம்பர் மாறிட்டுது, இதுக்குப் போடுங்கோ" எண்டு எழுதி லண்டனில இருந்து காசு எடுத்திட்டாங்கள்.

அதுக்குப் பிறகு நான் தண்டர்பேர்ட் எண்ட மெயில் ப்ரோகிராமை இறக்கி பிஜிபி சாவி செய்து அண்ணாவோட தொடங்கிட்டன். விளங்காத ஆக்களுக்குச் சொல்றதெண்டா கோயில் உண்டியல் மாதிரி, ஆரும் போடலாம், ஆனா சாவி வைச்சிருக்கிற ஆள்தான் திறக்கலாம். பப்ளிக் கீயை ஊருக்கே குடுக்கலாம், பிரைவேட் கீயை ஆருக்கும் குடுக்கிறேல்ல. வெளிநாட்டில சொந்தம் இருந்து இப்பிடி டொக்கியுமென்ட் அனுப்புற எல்லாருமே இதைத் தொடங்க வேணும் எண்டுதான் நான் சொல்லுவன். மாற்றுக் கருத்து இருந்தா காரணத்தோட சொல்லுங்கோ.

மட்டக்குளி_டெக்:
அக்கா, நான் நாள் முழுக்க ஆளுங்களோட கம்ப்யூட்டர் பிரச்சனை பாக்குறவன், அதனாலதான் இதை எதிர்த்து எழுதுறேன். பிஜிபியை ஃபில் சிம்மர்மன் வெளியிட்டது 1991 ல, இத்தனை வருஷமாகியும் சாதாரண ஜனங்க பாவிக்கலைன்னா அதுக்கு காரணம் ஜனங்களோட சோம்பல் இல்ல. 1999 ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வெளியாச்சு, 12 பேருக்கு பிஜிபி 5.0 குடுத்து 90 நிமிஷத்துல ஒரு மெயிலுக்கு டிஜிட்டல் கையெழுத்து போட்டு என்க்ரிப்ட் பண்ணி, அதாவது பூட்டி, அனுப்ப சொன்னாங்க, மூணுல ஒரு பங்கு பேரால மட்டுந்தான் முடிஞ்சுது, சில பேர் ரகசியத்தை அப்படியே திறந்த மெயில்ல அனுப்பிட்டாங்க. இன்னைக்கு சாஃப்ட்வேர் நல்லாயிருக்கு, ஆனா அதே தப்பு இப்பவும் நடக்கும், ஒருத்தர் பதில் போடும்போது என்க்ரிப்ஷனை ஆஃப் பண்ணிட்டா கீழ நீங்க எழுதினது முழுக்க திறந்து போயிரும்.

இன்னொன்னு, உங்க சொந்தக்காரருக்கு நடந்தது பாஸ்வேர்ட் திருட்டு. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பு, போட்டிருந்தா அவனுக்கு உள்ள வர்றதே பெரும்பாடு. அஞ்சு நிமிஷ வேலை. அதை விட்டுட்டு சாவி, ஃபிங்கர்பிரின்ட் (சாவியோட அடையாள எழுத்து), பேக்கப்னு ஜனங்களை அலைய விடக்கூடாது. ரகசியம் கதைக்கணும்னா சிக்னல்னு மெசேஜ் ஆப் இருக்கு. அதுல பழைய மெசேஜுக்கு பழைய சாவி, புதுசுக்கு புதுசுன்னு மாறிக்கிட்டே இருக்கும். பிஜிபில உங்க ஒரு சாவி நாளைக்கு வெளிய போச்சுன்னா பத்து வருஷ மெயிலும் சேர்ந்து திறக்கும்.

வெள்ளவத்தை_வாணி:
டூ ஸ்டெப் நானும் போட்டிருக்கிறன், அது வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா அது என்ர மெயிலுக்கு மட்டும்தானே. நான் அனுப்பின உறுதி மூண்டு இன்பொக்ஸில கிடக்கு, என்ரயில, அண்ணாட்டயில, லோயர்ர ஒஃபிஸில. அவையள்ர பாஸ்வேர்ட் என்ன கோலமோ எனக்குத் தெரியாது, நான் போய்ப் பூட்டவும் ஏலாது. என்க்ரிப்ட் பண்ணி அனுப்பினா ஜிமெயில் சேர்வரில கிடக்கிறதே பூட்டின மெயில்தான், ஆர் உள்ள வந்தாலும் எழுத்துக் குப்பைதான் தெரியும். பாஸ்வேர்ட் களவு போனாப் பிறகும் காப்பாத்துற ஒண்டு எனக்கு வேணும்.

தெமட்டகொட_நானா:
தங்கச்சி சொல்றதுல ஒரு விசயத்த நேராக்கணும், டெக் தம்பிக்கும் சேத்துதான் சொல்றன். அந்தக் காசு களவுக்கு என்க்ரிப்ஷன் மட்டும் காணாது. ஒங்கட பப்ளிக் கீ எல்லாரிட்டயும் ஈக்கிது, அப்ப கள்ளனும் அத எடுத்து ஒங்களுக்கு என்க்ரிப்ட் பண்ணி அனுப்பேலும். பூட்டி வந்த மெயில் அண்ணாட மெயில்தான்டு நம்பிடக் கூடாது. அங்க ஒங்களக் காப்பாத்துறது கையெழுத்து, அதாவது அண்ணா தன்ட பிரைவேட் கீயால சைன் பண்ணி அனுப்புறது. "எக்கவுண்ட் நம்பர் மாறிட்டு"ன்டு சைன் இல்லாம ஒரு மெயில் வந்தா அந்த இடத்துலயே நிறுத்தி கோல் எடுக்கணும்.

சிக்னல் நல்லம், நானும் பாவிக்கிறன். ஆனா கொழும்புல இருந்துகொண்டு ஒரு விசயத்த மறக்க ஏலாது. 2018 மார்ச்ல கண்டிக் கலவர நேரம், 2019 ஏப்ரல்ல ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பொறகு, 2022 ஏப்ரல்ல ஊரடங்கு போட்ட நேரம், மூணு தடவையும் வட்ஸ்அப்ப நிப்பாட்டினாங்க. மெயில நிப்பாட்டல்ல. மெயில் ஒரு கம்பெனிட கைல இல்ல, அவர் ஜிமெயில், இவர் யாஹூ, லோயர் சொந்த டொமைன், எல்லாம் ஒண்டோட ஒண்டு கதைக்கும். அதுக்கு மேல பூட்டுப் போடுற வழி இதுதான்.

மட்டக்குளி_டெக்:
நானா, அந்த நாள்கள்ல எல்லாரும் விபிஎன் போட்டு கதைச்சாங்க, அதுவும் உண்மைதானே. கையெழுத்து பத்தி நீங்க சொன்னது சரி, ஏத்துக்குறேன், நிறைய பேர் பூட்டையும் கையெழுத்தையும் ஒண்ணுன்னு நினைக்குறாங்க.

ஆனா எஃபெயில்ங்கற பாதுகாப்பு ஓட்டை பத்தி யாருமே கதைக்கலையே. 2018 மே மாசம் வெளிய வந்தது. என்க்ரிப்ட் பண்ணின மெயிலை ஒருத்தன் பிடிச்சு, அதைச் சுத்தி ஹெச்டிஎம்எல் கோட் வச்சு திரும்ப உங்களுக்கே அனுப்புவான், உங்க மெயில் ஆப் அதைத் திறந்து படத்தை லோட் பண்ற சாக்குல உள்ள இருந்த எழுத்தையும் அவனோட சேர்வருக்கு அனுப்பிரும். ஆப்பிள் மெயில், தண்டர்பேர்ட் ரெண்டுமே மாட்டுச்சு. அடுத்த வருஷமே, எல்லாரோட பப்ளிக் கீயையும் போட்டு வைக்குற பழைய கீ சேர்வர்ல ஒருத்தரோட சாவியில ஆயிரக்கணக்குல போலி கையெழுத்தை ஏத்தி, அதை இறக்கினவங்களோட ஜிபிஜி (பிஜிபி வேலையைச் செய்ற சாஃப்ட்வேர்) இறுகிப் போச்சு. இப்படி உள்ள ஒண்ணை அம்மா அப்பாவுக்கு எப்படி சிபாரிசு பண்றது?

தெமட்டகொட_நானா:
ரெண்டும் நடந்ததுதான், மறைக்க ஒண்டுமில்ல. எஃபெயிலுக்கு பொறகு ஆப்கள திருத்திட்டாங்க, மெயில்ல வெளிப் படம் தானா லோட் ஆகாம வெச்சா இன்னும் நல்லம், தண்டர்பேர்ட்ல அது ஆரம்பத்துலயே அப்பிடித்தான் ஈக்கிற. கீ சேர்வர் பிரச்சினைக்கும் 2019 லயே கீஸ்.ஓப்பன்பிஜிபி.ஓஆர்ஜி வந்திட்டு, அது உங்கட மெயிலுக்கு லிங்க் அனுப்பி நீங்க ஓம்டு சொன்னாத்தான் மெயில் விலாசத்தோட காட்டும், வேற ஆக்கள்ட கையெழுத்த அள்ளிப் போட விடாது. பிஜிபிட பொதுத் தரமான ஓப்பன்பிஜிபியயும் 2024 ல ஆர்எஃப்சி 9580 ன்ட ஆவணமா புதுப்பிச்சி ஈக்கிறாங்க, கைவிட்ட சாமான் இல்ல.

புதுக்கடை_ஜூனியர்:
நான் ஒரு லோயர் ஒஃபிஸில வேலை செய்றன், எங்கட பக்கத்தையும் கொஞ்சம் யோசியுங்கோ. சேர்ர மெயிலை வாசிக்கிறது கிளார்க், வாசிச்ச உடன பிரின்ட் எடுத்து ஃபைலில குத்துவா. பிரிண்டர் பழுதெண்டா பக்கத்துக் கொமினிகேசன் கடை ஜிமெயிலுக்கு அனுப்பி எடுப்பம், அந்தக் கடை கம்ப்யூட்டரில எத்தனை பேர்ர ஐடி கொப்பி, பிறப்புச் சான்றிதழ் கிடக்கெண்டு நீங்களே போய்ப் பாக்கலாம், ஆரும் அழிக்கிறேல்ல. வாணி அக்கா எவ்வளவு பூட்டி அனுப்பினாலும் எங்கட மேசைக்கு வந்தாப் பிறகு அது திறந்த பேப்பர்தான். முதல் அந்தப் பழக்கம் மாற வேணும் எண்டுதான் நான் நினைக்கிறன். உங்கட ஊர்க் கடைக்கும் பென்ட்ரைவ் கொண்டு போங்கோ, இல்லாட்டி முன்னுக்கு நிண்டு அழிப்பியுங்கோ.

மற்றது, ஒஃபிஸில தண்டர்பேர்ட் போடச் சொல்லி நான் சேரைக் கேக்கவே ஏலாது. ஃபைலை மட்டும் பூட்டி அனுப்ப வழி இருக்கோ?

பொரளை_மாணவி:
நடுவுல ஒரு கேள்வி. சப்ஜெக்ட் லைனும் மறையுமா? ஃபோன்ல வாசிக்க ஏலுமா?

தெமட்டகொட_நானா:
மாணவி, பிஜிபி மூடுறது மெயிலோட உடம்பையும் அட்டாச்மென்டையும்தான். யாரு யாருக்கு எப்ப அனுப்பினதுன்டு எல்லாம் தெரியும். சப்ஜெக்ட தண்டர்பேர்ட் மூணு புள்ளியா மறைக்கும், ஆனா எல்லா ஆப்பும் செய்யாது, அதால சப்ஜெக்ட்ல "காணி 12 பேர்ச் விலை"ன்டெல்லாம் எழுத வேணாம். அன்ட்ராய்ட்ல ஓப்பன்கீசெயின் போட்டு தண்டர்பேர்ட் ஆப்போட சேக்கலாம்.

ஜூனியர், ஏலும். வின்டோஸ்ல ஜிபிஜி4வின் போட்டா கிளியோபாட்ரான்டு ஒண்டு வரும். ஃபைல ரைட் கிளிக் பண்ணி யாருக்குன்டு தெரிவு செஞ்சா பூட்டின ஃபைல் ஒண்டு தரும், அத எப்பவும் போல ஜிமெயில்ல கொழுவி அனுப்புங்க. மெயில் ப்ரோகிராம் எதையும் மாத்தத் தேவல்ல.

வெள்ளவத்தை_வாணி:
ஜூனியர், கொமினிகேசன் கடைக் கதை நூறு வீதம் உண்மை, அதை இதுக்கு மேல வைச்சுக் கதைக்கிறது நியாயம்தான். ஆனா ஒரு பக்கத்துக் கதவு உடைஞ்சிருக்கு எண்டதுக்காக மற்றதையும் திறந்து வைக்கிறதில எனக்கு உடன்பாடில்லை.

நான் அண்ணாவோட எப்பிடிச் செய்தன் எண்டு சொல்றன், ஆருக்கும் உதவும். தண்டர்பேர்ட் 78 க்குப் பிறகு, 2020 இல இருந்து, எனிக்மெயில் எண்ட அட் ஒனைத் தனியா போடத் தேவையில்லை, எல்லாம் உள்ளயே இருக்கு. எக்கவுண்ட் செட்டிங்ஸில எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன் எண்ட இடத்துக்குப் போய் ஆட் கீ அமத்தினா சாவி செய்து தரும், காலாவதி மூண்டு வருசம் எண்டு தானே போடும், அதை எடுக்காதேங்கோ, பிறகு நீட்டலாம். உடன செய்ய வேண்டியது ரெண்டு. ஒண்டு பிரைமரி பாஸ்வேர்ட் வைக்கிறது, அது வைக்காட்டி லெப்டொப்பைத் திறந்தவன் எவனும் மெயிலையும் திறப்பான். மற்றது சீக்ரெட் கீயை ஃபைலா எடுத்து வேற இடத்தில வைக்கிறது, ஏனெண்டா இது துலைஞ்சா கூகுளுக்கு எழுதியும் பிரயோசனமில்லை, "ஃபோகொட் பாஸ்வேர்ட்" எண்ட சாமானே இதில இல்லை.

பிறகு அண்ணா தன்ர பப்ளிக் கீயை மெயிலில அனுப்பினார். அதை அப்பிடியே நம்பேல்ல. வட்ஸ்அப் வீடியோ கோல் எடுத்து, முகத்தைப் பாத்துக்கொண்டு 40 எழுத்து ஃபிங்கர்பிரின்டையும் நாலு நாலா வாசிக்கச் சொன்னன், நான் ஸ்கிரீனில சரி பாத்தன். அண்ணிக்கு அது விசராத் தெரிஞ்சுது. ஆனா அந்த ஒரு கோலிலதான் முழுப் பாதுகாப்பும் தங்கியிருக்கு, ஏனெண்டா நடுவில ஒருத்தன் தன்ர சாவியை "அண்ணாட சாவி" எண்டு தந்தா நான் கள்ளனுக்குத்தான் பூட்டிப் பூட்டி அனுப்பிக்கொண்டு இருப்பன்.

மட்டக்குளி_டெக்:
அக்கா, நீங்க செஞ்சது முறையான வேலை, அதுல நான் குறை சொல்லலை. என் கவலை "எல்லாருமே தொடங்கணும்"ன்னு நீங்க எழுதினதுல. கீ துலைஞ்சா மெயிலும் போச்சுன்னு நீங்களே சொல்றீங்க. லெப்டொப் பழுதாகி கடைக்குக் குடுத்து ஃபார்மட் பண்ணி வர்ற ஊரு இது. ஒரு வயசான மனுஷர் தன்னோட உறுதி ஸ்கேனை தானே திறக்க முடியாம நின்னா அது களவை விட சின்ன நஷ்டமா? அவங்களுக்கு ப்ரோட்டன்ங்கற மெயில் சேவை போதும், ப்ரோட்டன்ல இருந்து ப்ரோட்டனுக்கு அனுப்பினா உள்ள ஓடுறது இதே ஓப்பன்பிஜிபிதான், சாவியைப் பத்தி யோசிக்கவே வேணாம்.

தெமட்டகொட_நானா:
ப்ரோட்டன் நல்ல தொடக்கம், ஒத்துக்கொள்றன். சாவி அவங்கட சேர்வர்லதான் ஈக்கிது, ஆனா ஒங்கட பாஸ்வேர்டால பூட்டித்தான். ஆனா அங்கயும் சப்ஜெக்ட் மறையாது, ரிகவரி ஃப்ரேஸ் (மீட்டெடுக்குற சொற்கள்) எடுத்து வெக்காம பாஸ்வேர்ட மறந்தா பழைய மெயில் அங்கயும் திறக்காது. அப்ப யோசிக்கவே வேணாம்டு சொல்ல ஏலாது தம்பி.

வெள்ளவத்தை_வாணி:
சரி, "எல்லாருமே" எண்டதை நான் மாத்திறன். உறுதி, பாங்க், மெடிக்கல் ரிப்போர்ட் மாதிரிச் சாமான் திரும்பத் திரும்ப ஒரே ஆளுக்கு அனுப்புறவை, அந்த ஒரு ஆளோட தொடங்கலாம். மாமி மச்சாள் எல்லாரையும் இழுக்கத் தேவையில்லை. மூல உறுதி கையில இருக்குதானே, ஸ்கேன் பூட்டுப்பட்டுப் போனா திரும்ப ஸ்கேன் பண்ணலாம், டெக், ஆனா ஒருக்கா வெளியில போன ஐடி கொப்பியைத் திரும்ப எடுக்க ஏலாது. அதால நஷ்டம் ரெண்டும் ஒண்டு எண்டு நான் ஏற்க மாட்டன்.

மட்டக்குளி_டெக்:
அந்தக் கணக்கு சரிதான். ஆனாலும் முதல்ல டூ ஸ்டெப், பிறகுதான் பிஜிபி, இந்த வரிசையை நான் விடமாட்டேன்.

புதுக்கடை_ஜூனியர்:
கிளியோபாட்ரா போட்டிட்டன், சேர்ர பேரில சாவியும் செய்தாச்சு, சாவி களவு போனா அதைச் செல்லாம ஆக்கிற ரிவோகேஷன் ஃபைலையும் பென்ட்ரைவில எடுத்து அலுமாரியில வைச்சிட்டன். கிளார்க் அக்காவுக்கு டிக்ரிப்ட் பண்ண, அதாவது பூட்டைத் திறக்க, காட்டிக் குடுத்தன், ஃபைலை ரெண்டு தரம் கிளிக் பண்ணி பாஸ்வேர்ட் அடிக்கிறதுதானே எண்டு சொன்னா. வாணி அக்கா, உங்கட லோயரும் இந்தப் பக்கம்தானே, அவருக்கு வேணுமெண்டா வந்து போட்டுக் குடுக்கிறன், ஆனா ஃபிங்கர்பிரின்ட் நீங்கதான் அவருக்குக் கோல் எடுத்துச் சரி பாக்க வேணும், என்னட்டக் கேட்டு வாங்காதேங்கோ.