கலைச்சொல்: சிடி டிரான்ஸ்போர்ட் – ‘குறுவட்டு வருடி’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சிடி டிரான்ஸ்போர்ட் என்பது குறுவட்டிலுள்ள ஒலித்தரவைப் படித்து, தானே ஒலியாக்காமல் இன்னொரு கருவிக்கு அனுப்பும் பெட்டி. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் நீங்கள் எழுதியவற்றை மேற்கோள் காட்டிப் பதில் சொல்கிறேன்.

> டிரான்ஸ்போர்ட் என்றால் போக்குவரத்துதானே? ‘குறுவட்டுப் போக்குவரத்துக் கருவி’ என்று எழுதிவிட்டுப் போகலாம்.

எழுதலாம். படிப்பவர் பஸ் நிலையத்துக்குப் போய் நிற்பார், அவ்வளவுதான். இந்தப் பெயர் ஒலிநாடாக் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. டேப் ரெக்கார்டரில் மோட்டார், உருளைகள், சுருள் தாங்கிகள் எல்லாம் சேர்ந்து நாடாவை அதைப் படிக்கும் காந்தத் தலைக்கு முன்னால் சீராக நகர்த்தும். அந்தப் பொறித்தொகுதியைத்தான் டிரான்ஸ்போர்ட் என்றார்கள். 1982இல் குறுவட்டு கடைக்கு வந்தபோது, நாடா போய் வட்டு வந்தது. பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ஆகவே அந்த ஆங்கிலச் சொல்லைக் கிளறுவதைவிட, பெட்டி செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்பதே சரி.

> ‘வட்டுக் கடத்தி’ எப்படி? மின்கடத்தி, குறைகடத்தி வரிசையில் அழகாக உட்காரும்.

இயற்பியல் பாடநூலில் உட்காரும். வெளியே சொன்னால் சுங்கத்துறை வரும்.

சரி, வேலை என்ன? வட்டைச் சுழற்ற வேண்டும்: உட்புறத் தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்று, வெளிவிளிம்பை நெருங்க நெருங்க 200 வரை குறையும். 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைத் தடத்தின் மீது குவித்து, பள்ளமும் மேடும் மாறும் இடங்களைக் கண்டறிய வேண்டும். கீறலாலும் தூசியாலும் விழுந்த ஓட்டைகளை ரீட்-சாலமன் என்ற கணித முறைப் பிழைதிருத்தத்தால் அடைக்க வேண்டும். கடைசியில் நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இடம் வலம் என இரண்டு ஒலிவரிசைகள், ஆக நொடிக்கு 14,11,200 பிட்டுகளை அப்படியே அடுத்த பெட்டியிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த எண்களை ஒலியலையாக்குவது இலக்க-ஒப்புமை மாற்றியின் (டிஏசி) பொறுப்பு. டிரான்ஸ்போர்ட்டின் பின்புறத்தில் ஒலிபெருக்கியையோ ஹெட்போனையோ நேராகச் செருக இடமே இருக்காது. சிடி பிளேயர் என்பது இந்த இரண்டு வேலைகளையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தது. இந்த வேறுபாட்டைக் காட்டாத சொல் நமக்கு உதவாது.

இந்த இடத்தில்தான் ‘வட்டு வாசிப்பான்’ என்ற முன்மொழிவு அடிபடுகிறது. செய்தியோடை வாசிப்பான், மின்னூல் வாசிப்பான் என்றெல்லாம் ஏற்கெனவே புழங்குவதால் பலருக்கும் அது பிடித்திருக்கிறது. எனக்கும் முதலில் அதன் மீதுதான் கண். ஆனால் தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். இசைக்கருவிகளின் பேச்சில் ‘வாசிப்பான்’ என்றால் யாருக்கும் பிளேயர்தான் நினைவுக்கு வரும். ‘படிப்பான்’ என்று மாற்றினாலும் தப்பிக்க முடியாது: தென்மாவட்டங்களிலும் ஈழத்திலும் ‘பாட்டுப் படித்தான்’ என்றால் பாடினான் என்றே பொருள். ‘ஓதி’யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஓதுவாருக்குக் குரல்தான் முதல். படிப்பைக் குறிக்கும் நம் வினைகள் ஒவ்வொன்றிலும் ஒலி ஒளிந்திருக்கிறது. நமக்கு வேண்டியதோ ஊமைப் படிப்பு.

அதனால்தான் ‘வருடி’ என்கிறேன். ஸ்கேனருக்கு அந்தச் சொல் வந்து நிலைத்துவிட்டது. ஒளியால் ஒரு பரப்பைத் தடவிச் செய்தியை எடுத்து இன்னொரு கருவிக்குத் தருவது என்பது அதன் உட்பொருள். குறுவட்டில் நடப்பதும் அதுவே. லேசர் வட்டைத் தொடுவதில்லை, தடத்தின் மீது ஒளிப்புள்ளி தவழ்கிறது, கிடைத்ததைக் கருவி வெளியே தள்ளுகிறது. ‘அடிவருடி’ நினைவுக்கு வருகிறதே என்று யாராவது எழுதுவீர்கள். ஸ்கேனருக்குச் சூட்டியபோதும் அந்தப் பேச்சு வந்திருக்கும், சொல் பிழைத்துக்கொண்டது.

> ப்ளூ-ரே பிளேயரை டிரான்ஸ்போர்ட்டாக வைத்திருப்பவர்களுக்கு ‘நீலக்கதிர் வருடி’ என்று தனிச்சொல் வேண்டும்.

வேண்டாம். ப்ளூ-ரே வட்டைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 405 நானோமீட்டர். அதுவே நீலம் அல்ல, ஊதா. அதைவிட முக்கியம், அந்தப் பெட்டியில் குறுவட்டைப் போட்டால் ஊதாக்கதிர் வேலையே செய்வதில்லை. குறுவட்டுக்கென்று உள்ளே வைத்திருக்கும் 780 நானோமீட்டர் லேசர்தான் விழித்துக்கொள்கிறது. கண்ணுக்கே தெரியாத கதிரை நீலம் என்று எப்படி எழுதுவது? ப்ளூ-ரே என்பது வணிகப் பெயர். அதை அப்படியே விடுவோம். ‘வருடி’ என்பது பெட்டியின் பெயராக இல்லாமல் அது ஏற்கும் வேலையின் பெயராக இருக்கட்டும். ‘ப்ளூ-ரே பிளேயரைக் குறுவட்டு வருடியாகப் பயன்படுத்துகிறேன்’ என்று எழுதிப் பாருங்கள், எங்கும் இடறவில்லை.

வரையறையில் ‘மாற்றாமல்’ என்ற சொல் கட்டாயம் வர வேண்டும் என்பேன். என் வீட்டில் ஒரு பழைய ப்ளூ-ரே பிளேயர் இந்த வேலையைத்தான் செய்கிறது, நிறுவனத்தின் பெயர் எதற்கு? ஓரச்சு (கோஆக்சியல்) வடம் வழியே எண்களை நன்றாகத்தான் தருகிறது. ஆனால் ராகம் தானம் பல்லவி அடங்கிய வட்டைப் போட்டால், தானம் முடிந்து பல்லவி தொடங்கும் தட எல்லையில் ஒரு சின்ன மௌனத்தைத் தானாகச் செருகுகிறது. தம்பூரா அறுந்து மறுபடி ஒட்டுகிறது. வட்டில் அந்த இடைவெளி இல்லை. முகப்பில் தட எண்ணும் காட்டாது. எத்தனையாவது உருப்படி என்று அறியத் தொலைக்காட்சியைப் போட வேண்டும். இரண்டாவது குறை வெறும் தொல்லை. முதலாவது, வருடி என்ற பெயருக்கே இழுக்கு. அமைப்புப் பட்டியலைக் கவனிக்காமல் விட்டால் 44.1 கிலோஹெர்ட்ஸை 48ஆக மாற்றி அனுப்பும் பிளேயர்களும் உண்டு. அவற்றுக்கும் இதே தீர்ப்புதான்.

எந்த வழியாக ஒப்படைக்கிறது என்பதை வரையறையில் சேர்க்க வேண்டாம். சோனியும் பிலிப்ஸும் வகுத்த எஸ்பிடிஃப் இணைப்பில், வடமானாலும் ஒளியிழையானாலும், நேரத்துடிப்பும் (கிளாக்) எண்களும் ஒரே குறிகையில் பின்னிப் போகின்றன. எச்டிஎம்ஐயில் ஒலிக்கென்று தனித் துடிப்பு கிடையாது. படத்தின் துடிப்போடு இரண்டு எண்கள் வரும்; அவற்றின் விகிதத்தைக் கொண்டு வாங்கும் கருவி ஒலியின் துடிப்பைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். 74.25 மெகாஹெர்ட்ஸ் படத்துடிப்பு என்றால், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு அந்த எண்கள் 6,272, 82,500. படத்துடிப்பை முதல் எண்ணால் பெருக்கி இரண்டாவதால் வகுத்தால் 44,100இன் 128 மடங்கு துல்லியமாக வரும். கணக்கு சுத்தம், ஆனால் துடிப்பை மறுபடி கட்டும் சுற்று சுமாரானதாக இருந்தால் துடிப்பின் நேரத் தடுமாற்றம் (ஜிட்டர்) கூடும். இதனால்தான் பழைய பிளேயர்களில் ஓரச்சு வெளியீடு இருக்கிறதா என்று ஆர்வலர்கள் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறார்கள். புதிய மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அது இல்லை.

இனிச் சொல்லின் முன்பாதியான ‘குறுவட்டு’. தமிழ்நாட்டில் குறுந்தகடு, குறுவட்டு இரண்டும் உண்டு. இலங்கை நண்பர்கள் இறுவட்டு என்கிறார்கள். ‘வட்டு’ இரு கரைக்கும் பொது. இலங்கையில் ‘இறுவட்டு வருடி’ என்று எழுதினால் அதையும் ஏற்போம், அதற்காக இன்னொரு போர் வேண்டாம். வெறும் ‘வட்டு வருடி’ போதாது; வன்வட்டும் வட்டுதான்.

பட்டியலுக்கு நான் தரும் பதிவு:

குறுவட்டு வருடி (பெயர்ச்சொல்): குறுவட்டைச் சுழற்றி, அதிலுள்ள இலக்கமுறை ஒலித்தரவை ஒளியால் படித்து, பிழைதிருத்தி, மாற்றாமல் வெளிக்கருவிக்கு ஒப்படைக்கும் கருவி, அவ்வேலைக்குப் பயன்படுத்தப்படும் வேறு எந்தப் பிளேயரும்.

மறுப்பிருந்தால் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள். ‘ஜிட்டர்’ பற்றி இரண்டு பேர் ஏற்கெனவே தொடங்கியிருக்கிறீர்கள். அதைத் தயவுசெய்து தனி இழைக்குக் கொண்டுபோங்கள்.

அன்புடன்