மூன்று நாற்பதுக்கு நின்றுபோன பேனா

டோம்பிவிலி கிழக்கிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் உறவில் நான் ‘ஆடிட்டருக்குப் படிக்கிற பிள்ளை’. ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் அப்பா என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வைக்கமாட்டார். எனக்கு இப்போது 31 வயது. அந்தேரியில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. சி.ஏ. இறுதித் தேர்வின் முதல் குரூப்பை, அதாவது தாள்களின் முதல் தொகுதியை, 2022 மே முதல் 2024 நவம்பர் வரை ஆறு முறை எழுதி, ஆறு முறையும் தோற்றேன். அதோடு சேர்ந்து வந்த பயத்தையும், அதை வீட்டுக்குத் தெரியாமல் மறைத்த ஒன்றரை வருடத்தையும் எழுத வேண்டும் என்று வெகு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்களுக்கு இந்த நாட்காட்டி மனப்பாடம். மார்ச் முடிவுக் கணக்கு, ஏப்ரல் முழுக்க ஆடிட்டர்களின் கேள்விகளுக்குப் பதில், நிமிர்ந்து பார்த்தால் மே மாதத் தேர்வு. இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்தில் மூன்று முறை எழுதலாம். ஆனால் செப்டம்பர் 30 வரி ஆடிட்டின் கடைசித் தேதி. அந்த மாதம் எங்கள் பிரிவில் லீவு கேட்கவே யாருக்கும் வாய் வராது. காலை ஏழரைக்குப் பிளாட்பாரத்தில் நின்று, காட்கோபரில் மெட்ரோ மாறி, இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பினால், புத்தகத்தைத் திறக்கும்போது கண் பாதி மூடியிருக்கும்.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு, அடுத்த முறை எழுதப்போவதை வீட்டில் சொல்லவில்லை. ‘ஆபீசில் லீவு இல்லை, இந்த முறை எழுதவில்லை’ என்றேன். ஆபீசில் உடம்பு சரியில்லை என்று லீவு எடுத்தேன். தேர்வன்று டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவன் போலவே கிளம்புவேன். தேர்வு மதியம் 2 மணிக்குத்தான். அதுவரை எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தைத் தேர்வு மையத்துக்கு எதிரே இருந்த மூடிய கடையின் படியில் உட்கார்ந்து சாப்பிட முயன்றேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அந்தச் சாதத்தைக் குப்பையில் கொட்டியது இன்றும் நெஞ்சில் நிற்கிறது.

2024 ஜூலையில் ஐந்தாவது முடிவு வந்தது. அன்று இரவு ரயில் முலுண்டு தாண்டும்போது திடீரென்று மூச்சு அடைத்தது. நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தது போல் இருந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. மாரடைப்பு என்றே நினைத்தேன். தாணேயில் யாரோ கையைப் பிடித்து இறக்கிப் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மறுநாள் இ.சி.ஜி. எடுத்ததில் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. பயத்தில் வேக வேகமாக மூச்சு விடும்போது உடலில் இருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும், அதனால்தான் விரல் மரத்தது என்று டாக்டர் விளக்கினார். பிறகு கேட்டார்: “பரீட்சை எழுதுவது வீட்டில் யாருக்குத் தெரியும்?” யாருக்கும் தெரியாது என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர்தான் 14416 எண்ணைக் கொடுத்தார். டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். மும்பையில் பிறந்து வளர்ந்தவன் நான், இந்தியும் மராத்தியும் சரளமாக வரும். ஆனாலும் ‘பயமாக இருக்கிறது’ என்பதை என்னால் தமிழில்தான் சொல்ல முடிந்தது. அதன் பிறகு ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். சில மாதம் மாத்திரை, கூடவே ஆலோசனை.

அந்தச் சமயத்தில் இன்னொன்றும் செய்தேன், எல்லோரையும் செய்யச் சொல்வேன். ஆடிட் தாளில் 34 மதிப்பெண் வாங்கியிருந்தேன். 500 ரூபாய் கட்டி, திருத்திய விடைத்தாளின் நகலை வாங்கினேன். திறந்து பார்க்கவே நான்கு நாள் தைரியம் வரவில்லை. முதல் ஆறேழு பக்கம் என் வழக்கமான கையெழுத்து. அதன் பிறகு வரிகள் கீழ்நோக்கிச் சரியத் தொடங்கின. எஸ்.ஏ. 570 என்னும் ஆடிட் விதிமுறை பற்றிய கேள்வி, அதாவது ஒரு நிறுவனம் தொடர்ந்து நடக்கும் நிலையில் இருக்கிறதா என்பதை ஆடிட்டர் எப்படி ஆராய வேண்டும் என்பது. ஆபீசில் அதே மார்ச்சில் எங்கள் துணை நிறுவனத்துக்கு அந்தக் குறிப்பைத் தயாரித்தவனே நான்தான். தாளில் ‘நிர்வாகம் செய்த மதிப்பீட்டை ஆடிட்டர்’ என்பதோடு வாக்கியம் நின்றிருந்தது. பேனாவை அழுத்தி அழுத்தித் தாள் கிழியும் அளவுக்கு ஒரு புள்ளி. அடுத்த பக்கம் காலி. அப்போது மணி 3.40 இருக்கும், கடிகாரத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது. படிப்பு போதவில்லை என்று இரண்டு வருடமாக என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு திட்டுவதை நிறுத்தினேன்.

ஆலோசகர் சொன்ன பயிற்சி இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் பக்கத்து அப்யாசிகாவில், அதாவது உட்கார்ந்து படிப்பதற்கான கூடத்தில், சரியாக 2 மணி முதல் 5 மணி வரை ஒரு முழுத் தாளை எழுத வேண்டும். 3.40க்கு வேண்டுமென்றே பேனாவைக் கீழே வைக்க வேண்டும். பயம் வரட்டும், விரட்டக் கூடாது. மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டு பத்து முறை மூச்சு. பிறகு நிறுத்திய அதே வாக்கியத்திலிருந்து தொடர வேண்டும். முதல் மூன்று ஞாயிறும் நடுக்கத்தோடு பாதியில் எழுந்து வந்துவிட்டேன். நான்காவது ஞாயிறு 5 மணி வரை உட்கார்ந்தேன்.

2024 நவம்பரில் 61, 46, 41. மொத்தம் 148. மூன்று தாளிலும் தனித்தனியே 40 தாண்டியும், மொத்தத்தில் 150 வராததால் இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. 61 வாங்கிய தாளுக்கு மட்டும் அடுத்த மூன்று முறைக்கு எக்ஸம்ப்ஷன், அதாவது அதைத் திரும்ப எழுத வேண்டாம். அன்று இரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தயிர்சாதம் உட்பட. அவர் ஒன்றும் பேசாமல் பால்கனிக்குப் போய்விட்டார். மறுநாள் ஊரிலிருந்து பெரியப்பா போன் செய்தார். ‘இல்லை அண்ணா, பாஸாகவில்லை, திரும்ப எழுதுகிறான்’ என்று, பால் விலை சொல்வது போல அப்பா சாதாரணமாகச் சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

2025 மே மாதத்தில் முதல் குரூப் முடிந்தது. இரண்டாவது குரூப் பாக்கி இருக்கிறது.

செம்பூரிலிருந்து

தம்பி, தயிர்சாதம் பகுதியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். நான் சி.எம்.ஏ. என்னும் செலவுக் கணக்கியல் தேர்வு எழுதுகிறவள். ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை, நான்கு வருடமாக. வேலை பேலாப்பூரில், இரண்டு குழந்தைகள். உங்களோடு ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். உங்கள் அப்பா நல்லவர். எல்லா வீட்டிலும் அப்படி நடக்காது. நான் மாமியார் வீட்டில் தோல்வியைச் சொன்ன நாளிலிருந்து, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்கூட ‘இந்தப் படிப்பால்தான்’ என்று ஆகிவிட்டது. தேர்வுக்கு முந்தைய வாரம் முழுக்க வயிறு கலங்கும். சேடா நகர் முருகன் கோயில் படியில் உட்கார்ந்து எத்தனையோ மாலை அழுதிருக்கிறேன், சாமி கும்பிட வந்தவள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

எனக்கு உதவியது, ஒரே ஒருவரிடம் சொன்னதுதான். ஆபீசில் என்னைவிட வயதில் மூத்த ஒரு மராத்திக்காரத் தோழி. முடிவு வரும் நாளில் என் பதிவு எண்ணை அவரிடம் கொடுத்துவிடுவேன். அவர் பார்த்துவிட்டு, டீ வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து சொல்வார். திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து அந்தப் பக்கம் திறக்கக் காத்திருக்கும் ஐந்து நிமிடம் என் வாழ்க்கையை விட்டுப் போனதே பெரிய விடுதலை. யாரிடம் சொல்வது என்று பொறுமையாகத் தேர்ந்தெடுங்கள் தங்கைகளே.

மாட்டுங்காவிலிருந்து

வயதில் மூத்தவன் என்பதால் ஒன்று சொல்லலாமா? நான் சி.ஏ. இறுதித் தேர்வை எட்டு முறை எழுதிவிட்டு, 1996இல் விட்டுவிட்டேன். கிங்ஸ் சர்க்கிள் பூங்காவில் வைத்து மனைவியிடம் சொன்னேன். ‘சரி, வாருங்கள், சாப்பிடப் போகலாம்’ என்றாள். இறுதித் தேர்வுக்கு முந்தைய இன்டர் நிலையை முடித்த தகுதியை வைத்தே இருபத்தெட்டு வருடம் மரியாதையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு, பொய் சொல்லமாட்டேன். ஆனால் விட்ட மறுமாதமே என் ரத்த அழுத்தம் இறங்கிற்று. உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள் பிள்ளைகளே, மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள். அந்தத் தம்பி கொடுத்த எண்ணை நானும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். பேரன் இந்த வருடம் பதிவு செய்திருக்கிறான்.

டோம்பிவிலியிலிருந்து மீண்டும்

அக்கா, நீங்கள் சொல்வது சரி. என் அப்பாவை வைத்து எல்லா வீட்டையும் அளந்துவிட்டேன். ஐயா, உங்கள் வரிகளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

இந்த ஞாயிறும் அப்யாசிகாவில் 2 மணிக்கு உட்காருகிறேன், மறைமுக வரித் தாள். கூட எழுத விரும்புகிறவர்கள் 1.45க்குள் வந்துவிடுங்கள். 3.40க்கு எல்லோரும் சேர்ந்து பேனாவைக் கீழே வைக்கலாம்.