ஸ்ப்ரே பாலிஷ் பால் மாதிரித் திரிந்துபோகிறது, என்ன தப்பு செய்கிறேன்?

நொய்யல்கரை_வாஷ்:
வணக்கம். திருப்பூரில் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு, பத்து கார் வரும். கழுவித் துடைத்த பிறகு அடிக்கிற ஸ்ப்ரே பாலிஷைக் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. நாமே தயாரித்தால் என்ன என்று இறங்கிவிட்டேன்.

நம் ஊரில் சிலிக்கானுக்கா பஞ்சம்? பனியன் துணி மெத்தென்று வர ஊற்றுகிற அமினோ சிலிக்கான் எமல்ஷன் (சிலிக்கான் எண்ணெய் பொடித் துளிகளாகத் தண்ணீரில் கலந்து நிற்கிற கலவை), கெமிக்கல் கடையில் சில்லறையாகவே கிடைக்கிறது. 5 லிட்டர் கேன் வாங்கினேன். முதல் தடவை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 மில்லி. கறுப்பு ஸ்விஃப்ட் பானட்டில் அடித்துத் துடைத்ததும் முகம் பார்க்கலாம் போல இருந்தது. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடியது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

கார்னுபா மெழுகு சேர்த்தால் மினுமினுப்பு இன்னும் கூடும் என்று எங்கோ படித்துத் தொலைத்தேன். மெழுகை உருக்கி, ஓலிக் அமிலமும் மார்ஃபோலின் என்கிற காரமும் விட்டு, கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினேன். அது தனியாக நன்றாகத்தான் வந்தது. ஆறிய பிறகு சிலிக்கானோடு சேர்த்தேன். பத்தே நிமிடம், எலுமிச்சை பிழிந்த பால் மாதிரித் திரிந்துவிட்டது. கலக்கியது போதவில்லையோ என்று மிக்ஸியில் போட்டு அடித்தேன் (பழைய மிக்ஸிதான், இருந்தாலும் வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்). நுரை பொங்கியது, எண்ணெய் மேலே மிதந்தது, ஸ்ப்ரே மூக்கும் அடைத்துக்கொண்டது. மூன்று தடவையும் இதே கதை. ஊற்றுவது போர் தண்ணீர், மீட்டரில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 1,400 காட்டுகிறது. தண்ணீர்தான் காரணமா?

கிளீனர்_மாமா:
தம்பி, நாங்கள் பஸ்ஸுக்கு மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒரு இழுப்பு இழுப்போம். பளபளவென்று ஆகிவிடும். இதற்கு எதற்கு இத்தனை கெமிஸ்ட்ரி?

நொய்யல்கரை_வாஷ்:
மாமா, வண்டி அவிநாசி போய்ச் சேருவதற்குள் ஊர்ப் புழுதி எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். கஸ்டமர் என் சட்டையைப் பிடிப்பார்.

சாயப்பட்டறை_லேப்:
தம்பி, நான் சாயப்பட்டறை லேபில் இருந்தவன். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவால் பட்டறைகள் மூடியபோது வெளியே வந்து, அப்புறம் ஃபினிஷிங் கெமிக்கல் பக்கம் போய்விட்டேன். அதனால் உங்கள் தயிர் எனக்குப் பழகின தயிர்தான்.

தண்ணீரும் குற்றவாளிதான், ஆனால் இரண்டாவது குற்றவாளி. நீங்கள் வாங்கிய அமினோ சிலிக்கானில் பொதுவாக அசிட்டிக் அமிலம் விட்டிருப்பார்கள். பிஹெச் 5 பக்கம் இருக்கும், அதன் துளிகளில் நேர் மின்னேற்றம். துணியை அது பிடித்துக்கொள்வதே அதனால்தான். ஓலிக் அமிலமும் மார்ஃபோலினும் சேர்ந்தால் கிடைப்பது ஒரு வகைச் சோப்பு. அது எதிர் மின்னேற்றம், காரப் பக்கம். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கட்டியாகாமல் என்ன செய்யும்? போதாததற்கு அமிலம் சோப்பை உடைக்கும், காரம் சிலிக்கானின் மின்னேற்றத்தைப் பிடுங்கும். மிக்ஸி வைத்ததெல்லாம் வீண். வேகமாக அடித்தால் சிலிக்கான் எமல்ஷன் இன்னும் சீக்கிரம் உடைந்து எண்ணெய் பிரியும். துணியில் சிலிக்கான் ஸ்பாட் விழுகிறது என்று பட்டறையில் கத்துவார்களே, அதே சங்கதி.

தண்ணீருக்கு வருகிறேன். கடினத் தண்ணீரில் இருக்கிற கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காகிவிடும். குளிக்கும்போது வாளி ஓரத்தில் படியுமே, அதுதான். சோப்பே இல்லாத பாலிஷானாலும், அந்தத் தண்ணீர் காய்ந்தால் கறுப்பு பெயின்டில் வெள்ளைப் புள்ளி நிற்கும். ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள், சின்ன அளவுக்கு பேட்டரி வாட்டரே போதும்.

மெழுகு வேண்டவே வேண்டும் என்றால், நான்-அயானிக் எமல்சிஃபையரில் (மெழுகையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிற, மின்னேற்றமில்லாத பொருள்) செய்த மெழுகு எமல்ஷனைக் கேட்டு வாங்குங்கள். மின்னேற்றம் இல்லாததால் பெரும்பாலும் சண்டை வராது. அதையும் கண்ணாடி டம்ளரில் 50 மில்லி கலந்து ஒரு நாள் வைத்துப் பார்த்த பிறகே கேனில் கை வையுங்கள். என்னைக் கேட்டால் மெழுகை விட்டுவிடலாம். துடைத்துவிட்டுப் போகிற ஸ்ப்ரேயில் அது செய்வது கொஞ்சம்தான், பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படிந்து மானத்தை வாங்கும்.

கேன் எத்தனை சதவீதம் என்று கேட்டீர்களா? 30 சதவீதம் என்றால் உங்கள் 40 மில்லியில் சிலிக்கான் ஏறக்குறைய 12 கிராம், அது போதும். கடைக்காரர் ஏற்கெனவே தண்ணீர் ஊற்றி விற்றிருந்தால் கணக்கே மாறும். பிரிசர்வேட்டிவ் கட்டாயம், இல்லையென்றால் நாளாக ஆக நாற்றம் எடுக்கும். ஐசோதயசோலினோன் வகை கிடைக்கும், டப்பாவில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் வேண்டாம், கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம், தோலில் அரிப்பெடுக்கும். கடைசிப் பரீட்சை, 45 டிகிரியில் ஒரு மாதம் வைத்துப் பிரிகிறதா என்று பார்ப்பது. லேப் ஓவன் இல்லாவிட்டால் மே மாதம் வெயிலில் பூட்டி நிறுத்திய கார் டிக்கி.

வெள்ளை வண்டிக்கு அடிக்குமுன் ஒன்று: சில அமினோ சிலிக்கான் வெள்ளைத் துணியில் நாளாக நாளாக மஞ்சள் காட்டும். கம்மியாக மஞ்சளாகும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்ப்ரேகன்_பெயின்டர்:
எல்லோரும் பளபளப்பையே பேசுகிறீர்கள். சிலிக்கானைக் காற்றில் பீச்சினால் அது எங்கே போய் விழும்? பக்கத்தில் பெயின்ட் அடிக்கிறவன் பேனலில். பெயின்ட் அங்கங்கே விலகிக் குழி குழியாக நிற்கும், ஃபிஷ் ஐ என்போம். தேய்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். வண்டி மேல் அடிக்காதீர்கள், துணியில் அடித்துத் துடையுங்கள். முன் கண்ணாடியில் படவிடாதீர்கள், ராத்திரி மழையில் வைப்பர் ஓடினால் எதிர் வண்டி வெளிச்சம் மங்கலாக இழுக்கும். பிரேக் டிஸ்க் பக்கம் போகவே கூடாது.

நொய்யல்கரை_வாஷ்:
லேப் ஐயா சொன்னபடி மெழுகைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பேட்டரி வாட்டர், சிலிக்கான் 40 மில்லி, பிரிசர்வேட்டிவ், அவ்வளவுதான். கேன் 30 சதவீதம் என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறார். மூன்று வாரமாக ஒரு பாட்டில் என் மாருதி டிக்கியிலேயே கிடக்கிறது. பிரியவில்லை, நாற்றமும் இல்லை.

பெயின்டர் அண்ணா, எங்கள் சுவரை ஒட்டி ஒரு டிங்கரிங் ஷெட் இருக்கிறது. போன மாதம் முழுக்க அவர் என்னை முறைத்துக்கொண்டே திரிந்ததற்கு இப்போதுதான் காரணம் புரிகிறது. நாளைக் காலை டீ வாங்கிக்கொண்டு போய்ப் பேச வேண்டும்.