மறு: தொலைவு வீச்சைப் பழகும் இடத்துக்கு ஒரு சொல் – ‘வீச்சுத்திடல்’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பந்துக்குப் பதில் தட்டையான வட்டைக் கையால் வீசிக் கூடையில் சேர்க்கும் வட்டு கோல்ஃப் ஆட்டத்தை ஆடுபவர்கள் தங்கள் வீச்சின் தொலைவைக் கூட்டிக்கொள்வதற்காகப் பழகும் திறந்தவெளிக்கு இதுவரை ‘ஓட்டுதளம்’, ‘எறிகளம்’, ‘வீசுதிடல்’ ஆகிய சொற்கள் இவ்விழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. நான் முன்மொழிவது ‘வீச்சுத்திடல்’. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவதே முறை என்று தோன்றுவதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

கோல்ஃபில் ‘டிரைவிங் ரேஞ்ச்’ என்பது பந்தைத் தொலைவுக்கு அடித்துப் பழகும் இடம். பெரும்பாலும் பணம் கட்டி, வாளி நிறையப் பந்து வாங்கி அடிப்பார்கள். பந்தைப் பொறுக்கும் வேலை நிர்வாகத்தினுடையது. வட்டு கோல்ஃபில் அப்படிப்பட்ட ஏற்பாடு அரிது. ஆளில்லாத ஒரு திடல், ஒரு பை நிறைய வட்டுகள், அவற்றை வீசிவிட்டுத் தாமே நடந்துபோய் எடுத்துக்கொண்டு அந்த முனையிலிருந்து மறுபடியும் இந்தப் பக்கமாக வீசுவது, அவ்வளவுதான். தொலைவை அளக்கக் கால்பந்துத் திடலே போதும் என்பவர்கள் உண்டு. பன்னாட்டு ஆட்டங்களுக்கான திடலின் நீளம் 100 முதல் 110 மீட்டர் ஆதலால், பொழுதுபோக்காக ஆடுபவர்கள் பலர் முதல் இலக்காக வைத்துக்கொள்ளும் 300 அடி, அதாவது ஏறத்தாழ 91 மீட்டர், அதற்குள் அடங்கிவிடும். தேர்ந்த வீரர்களுக்கு அது போதாது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

‘ஓட்டுதளம்’ என்பதை முன்வைத்தவர் எழுதியது: ‘டிரைவ்’ என்பதற்கு ‘ஓட்டு’ நேர்ச்சொல். ஆகவே ‘ஓட்டுதளம்’ பொருந்தும்.

இதை ஏற்க இயலவில்லை. தமிழில் வண்டியை ஓட்டலாம், மாட்டை ஓட்டலாம், காலத்தைக்கூட ஓட்டலாம். கையை விட்டு அகன்றதும் நம் பிடிக்குள் இல்லாத ஒரு வட்டை யாரும் ஓட்டுவதில்லை. போதாததற்கு விமானம் இறங்கும் ‘ஓடுதளம்’ நாளிதழ்களில் நிலைத்துவிட்டது. ஒரே ஒரு ‘ட்’ மட்டும் வேறுபடும் இரண்டு கலைச்சொற்கள் அச்சுப்பிழைக்கென்றே பிறந்தவை.

‘எறிகளம்’ இலக்கணத்தில் குறையற்றது. ‘ஆடுகளம்’ போல வினைத்தொகையாக அழகாக அமைந்திருக்கிறது. ஆனால் எனக்கு இரண்டு தயக்கங்கள். முதலாவது, ‘எறிகணை’ என்ற சொல்லைப் போர்ச் செய்திகளில் பல்லாண்டு கேட்டுப் பழகிய காதுக்கு ‘எறிகளம்’ குண்டு விழும் இடமாகவே ஒலிக்கும். இரண்டாவது, ‘வட்டு எறிதல்’ தடகளத்தில் வேறொரு போட்டியின் பெயராக ஊன்றிவிட்டது. இது வெறும் பெயர்க் குழப்பத்தோடு நிற்பதன்று. ஆடவர் தடகள வட்டின் விட்டம் சுமார் 22 செ.மீ.; வட்டு கோல்ஃபில் நெடுந்தொலைவுக்கென்று செய்யப்படும் வட்டின் விட்டம் சுமார் 21 செ.மீ. அளவில் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் இவற்றில் முன்னது 2 கிலோ எடை, பின்னது பெரும்பாலும் 175 கிராமுக்கு மேற்படாது. இரண்டையும் ‘எறி’ என்ற ஒரே வினையின்கீழ் வைத்தால், படத்தைப் பார்க்காத வாசகர் தடகள வட்டையே நினைத்துக்கொள்வார்.

ஆனால் நான் ‘வீசு’ என்பதைப் பற்றிக்கொள்வதற்கு இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. கல்லை எறிகிறோம் என்றால் பொருள் கையை விட்டுப் போவதிலேயே கவனம் நிற்கிறது. ‘வீசு’ அப்படியன்று, வாளை வீசுகிறார்கள், வாள் கையிலேயே இருக்கிறது, கையை வீசி நடக்கிறார்கள், எதுவும் எங்கும் போவதில்லை. அதாவது உடல் சுழன்று கை வளைந்து வரும் அசைவே அந்த வினையின் உள்ளீடு. புறங்கை வீச்சில் (வட்டை மார்புக்குக் குறுக்கே இழுத்து வீசும் முறையில்) தொலைவைத் தீர்மானிப்பதும் அந்த அசைவுதான். குறுக்கடி வைத்து முன்னேறி, வட்டைப் பின்னே நீட்டி, முன்கால் தரையில் ஊன்றியதும் இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வேகம் கைமாறி, கடைசியில் வட்டு பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு போக வேண்டும். தோள் வலிமையால் எறிய முயலும் வலக்கைக்காரர் எவ்வளவு முக்கினாலும் வட்டு பாதி வழியிலேயே இடப்பக்கம் சரிந்து விழுவதைக் காணலாம்.

திடலில் பழகுவதற்கும் வலைக்குள் பழகுவதற்கும் உள்ள வேறுபாட்டையும் பெயர் காட்ட வேண்டும் என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார், நல்ல கேள்வி. கிரிக்கெட்டிலிருந்து ‘வலைப்பயிற்சி’ நமக்கு ஆயத்தமாகவே கிடைக்கிறது. வலையில் வீசும்போது, உணரி பொருத்திய வட்டு இருந்தால், வேகம், சுழற்சி, மூக்குக் கோணம் (வட்டின் முன்விளிம்பு மேலோ கீழோ சாய்ந்திருக்கும் அளவு) ஆகியவற்றை எண்ணாகக் காணலாம். ஆனால் வட்டு பறப்பதைக் காண முடியாது. வலக்கைக்காரர் புறங்கையால் வீசும் வட்டு, மேலிருந்து பார்த்தால், கடிகார முள் செல்லும் திசையில் சுழல்கிறது. வேகம் மிகுந்திருக்கும் தொடக்கத்தில் அது வலப்பக்கம் சாய முற்படும். வேகம் தணிந்தபின், வட்டின் முன்பாதியில் தூக்குவிசை கூடுவதால் எழும் முறுக்கம் (திருப்பும் விசை), சுழற்சியின் விளைவாக, மூக்கைத் தூக்குவதற்குப் பதில் வட்டை இடப்பக்கம் சாய்த்துவிடும். இந்த இரண்டு சாய்வும் சேர்ந்து வரையும் நீண்ட வளைவு திடலில்தான் விரியும். வீசுபவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, வட்டு கையை விட்டு அகன்ற அந்தக் கணத்தைக் கவனியுங்கள்: வட்டின் மேற்பரப்பு முழுத்தட்டாகக் கண்ணில் பட்டால் மூக்கு தூக்கியிருக்கிறது, தொலைவு குறையப்போகிறது, விளிம்பு மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்தால் நன்றாகவே வீசியிருக்கிறார். அளக்கும் கருவி கையில் இல்லாதவருக்கு இதுவே கருவி.

ஆகவே இடத்துக்கு ‘வீச்சுத்திடல்’, அங்கே செய்யும் வேலைக்குத் ‘திடற்பயிற்சி’, அதற்கு இணையாக ‘வலைப்பயிற்சி’ என்று மூன்றையும் சேர்த்தே வழங்கலாம்.

‘வீசுதிடல்’ என்று சுருக்கமாக வைக்கலாமே என்பவர்களுக்கு: அது எனக்கும் பிடித்த வடிவந்தான். ஆனால் தமிழில் முதலில் வீசுவது காற்று. ‘வீசுதிடல்’ என்றால் காற்று வீசும் திடல் என்று ஒருவர் வேடிக்கையாகப் பொருள்கொண்டால் மறுக்க முடியாது. ‘வீச்சு’ என்ற தொழிற்பெயரில் அந்தத் தொல்லை குறைவு. அதோடு ‘ஏவுகணையின் வீச்சு’ என்னும்போது எட்டும் தொலைவையும் அது குறிக்கிறது. செயலும் தொலைவும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது அதை விடுவானேன்? இயற்பியலில் ‘வீச்சு’ வேறு பொருளில் ஆளப்படுகிறதே என்ற தடை எழலாம். அலைவீச்சைப் பற்றிப் பேசும் பாடநூலில் திடல் வரப்போவதில்லை. பந்துவீச்சாளரை இதுவரை எந்த இயற்பியல் மாணவரும் அலையென்று எண்ணியதில்லை.

‘களம்’ வேண்டாம், ‘திடல்’ போதும் என்பதற்கும் காரணம் உண்டு. களம் என்றால் எதிரி வேண்டும், எல்லைக்கோடு வேண்டும், வெற்றிதோல்வி வேண்டும். இங்கே சங்கிலித் தொங்கல் பொருத்திய கூடைகூட இல்லை. இலக்கில்லாமல் வீசுவதே இப்பயிற்சியின் தன்மை. ‘தளம்’ என்பது இணையத்துக்குப் போய்விட்டது, மீட்பது கடினம்.

காற்றைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. 2016இல் அமெரிக்காவின் நெவாடா பாலைநிலத்தில் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் வீசிய வட்டு 338 மீட்டர் சென்றது. பலத்த காற்றைத் துணைக்கொண்டு படைத்த சாதனை அது. இதைத் திடற்பயிற்சியில் ஒருவர் குறித்துக்கொள்ளும் தொலைவோடு ஒப்பிடுவது முறையாகாது. எனவே நம் சொற்பட்டியலில் ‘வீச்சுத் தொலைவு’ என்பதை விளக்கும்போது, காற்று அடங்கிய நேரத்தில் சமதரையில் அளந்தது என்றோ, இரு திசையிலும் வீசிச் சராசரி எடுத்தது என்றோ ஒரு வரி சேர்ப்பது நல்லது. பின்காற்றில் கிடைத்த தொலைவைத் தன் தொலைவாகக் குறித்துவைப்பவர்கள் எல்லாத் திடலிலும் இருக்கிறார்கள்.

துணைச்சொற்களில் தொலைவைக் காட்ட நடும் கொடிக்கும் கூம்புக்கும் பொதுவாகத் ‘தொலைக்குறி’ என்பதில் யாருக்கும் மறுப்பிருக்காது என்று நம்புகிறேன். நின்று வீசும் சமதள மேடைக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘வீச்சுமேடை’ என்பது முதலில் நினைவுக்கு வருகிறது. ஆயினும் பல இடங்களில் அது மேடையாக உயர்ந்திராமல் தரையோடு தரையாகப் பதித்த சிமெண்ட் பலகையாகவோ விரிப்பாகவோ இருப்பதால் ‘மேடை’ உறுத்துகிறது. ‘வீச்சடி’ என்று ஒன்றை எண்ணினேன், அது அடிதடிபோல ஒலிக்கிறது. இதற்குத் தனி இழை தொடங்குவது நல்லது. பரிந்துரைகளை அங்கே இடுங்கள்.

அன்புடன்.