மூணு ரூபா வட்டிதானே சார்?

ஊத்தங்கரை கணக்கு வாத்தியார்:
ஒன்பதாம் வகுப்புக்குத் தனிவட்டியைத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தேன். ஆண்டுக்கு 9 சதவீதம் என்று எழுதியதும் ஒரு பெண் எழுந்தாள். "எங்க ஊர்ல மூணு ரூபா வட்டிதான் சார். பேங்க் எதுக்கு?" வகுப்பே ஆமாம் போட்டது. அது மாதக் கணக்கு என்று சொல்லி 50,000 ரூபாய்க்குப் போடச் சொன்னேன். மாதம் 1,500, வருடத்துக்கு 18,000. வங்கியில் 4,500. அவள் கட்டைவிரலால் மூன்று கணு எண்ணினாள், நோட்டை மூடிவிட்டாள். மாந்தோப்புக் குத்தகைக்கு அப்பா கடன் வாங்கி மூன்று வருடம் என்று பிறகுதான் தெரிந்தது. வேறு உதாரணம் எடுத்திருக்கலாமோ?

பாலக்கோடு டீச்சர்:
எடுத்தது சரிதான் சார். எனக்கு நேர்ந்தது நிலக் கணக்கில். மாணவனின் அப்பா மனை வாங்கப் போனார். நாலு பக்கமும் 65 அடி. தரகர் 65ஐ 65ஆல் பெருக்கி 4,225 சதுர அடிக்கு விலை பேசிவிட்டார். மனையோ கோணல். பையன் குறுக்கே கயிறு பிடித்தான், 78 அடி. மூன்று பக்க நீளத்தை வைத்துப் பரப்பு காணும் ஹெரான் சூத்திரப்படி ஒரு முக்கோணம் 2,028, இரண்டும் சேர்ந்து 4,056தான். "தம்பி, அது ஸ்கூல் கணக்கு" என்று தரகர் சிரித்தாராம். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார். பையன் அதைச் சொன்ன முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பென்னாகரத்தான் (ஓய்வு):
டீச்சர், கயிறு இழுத்தால் நீளும். அதை வைத்துத் தரகரைக் குறை சொல்லாதீர்கள். இரும்பு டேப் பிடியுங்கள். இன்னொரு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும், 104 வந்தால்தான் உங்கள் கணக்கு சரி. அப்புறம் சென்ட்டில் சொல்லச் சொல்லுங்கள். 435.6ஆல் வகுத்தால் 9.7 எங்கே, 9.3 எங்கே? சென்ட் குறைகிறது என்றால் எந்த அப்பாவும் சிரிக்க மாட்டார். முதல் பதிவு போட்ட சாருக்கு: அதீத வட்டி வசூலைத் தடுக்க 2003லேயே சட்டம் வந்துவிட்டது. அதையும் கரும்பலகையில் எழுதியிருக்கலாம்.
என் கதை சின்னது. புளி மண்டியில் ஒருவன், "நீங்க கணக்குல பெயில் போட்டது என்னைத்தான் சார்" என்றான். மீதிச் சில்லறை சரியாக இருந்தது.

ஊத்தங்கரை கணக்கு வாத்தியார்:
எழுதலாம் சார். கடன் கொடுத்தவர் அவளுடைய தாய்மாமன்.