குறி பார்ப்பது நம் கையா, கதாபாத்திரத்தின் எண்ணா?

சேர்வராயன்:

சென்ற ஞாயிறு நம் சேலம் குழு ஏற்காட்டில் கூடியபோது, அன்பு அண்ணன் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு, கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். சுடுவதைத் தவிர வேறொன்றும் அறியாதிருந்த, கதாபாத்திரத்தின் கண் வழியே பார்த்து ஆடும் முதல் நபர் விளையாட்டுகளுக்கு ஆழம் தந்தவை ஆர்பிஜியிலிருந்து (கதாபாத்திரத்தின் திறன்களைப் புள்ளிகளால் வளர்க்கும் விளையாட்டு வகை) வந்த எண்கள்தாம் என்பது அவர் வாதம். அன்று சொல்ல முடியாத மறுப்பை இங்கே எழுதுகிறேன்.

ஆர்பிஜியிலிருந்து ஷூட்டர்கள் எனப்படும் சுடும் விளையாட்டுகளுக்கு வந்தவற்றுள் மதிப்புள்ளவை வேறு. நாம் விட்டுச் சென்ற நிலையிலேயே நமக்காகக் காத்திருக்கும் ஓர் இடம், பையில் சுமக்கக்கூடியவற்றுக்கு ஒரு வரம்பு, ஒரே பூட்டிய அறைக்குள் நுழையப் பல வழிகள் ஆகியவையே அவை. நான் சரியாகக் குறி வைத்த பிறகும் தோட்டாவை விலகச் செய்யும் திறன் எண், அவற்றோடு சேர்ந்து வந்த பழைய மூட்டை. இதற்கு என் சாட்சி 1994-இல் வந்த சிஸ்டம் ஷாக் என்ற விளையாட்டு. அதை உருவாக்கிய குழுவே 1992 மார்ச்சில் அல்டிமா அண்டர்வேர்ல்டு என்ற ஆர்பிஜியை உருவாக்கியிருந்தது. அதில் பண்பு எண்கள், திறன்கள், அனுபவப் புள்ளிகள், பதிலைத் தேர்ந்தெடுத்துப் பேசும் உரையாடல்கள் எல்லாம் இருந்தன. இரண்டே ஆண்டுகளில் அதே மனிதர்கள் அவை அனைத்தையும் தூக்கி எறிந்தார்கள். உரையாடல் திரை வந்தவுடன் உலகம் நின்றுபோய், வேறொரு விளையாட்டுக்குள் நுழைந்தது போலாகிவிடுவதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அதனால் சிட்டடெல் விண்வெளி நிலையத்தில் இருந்த எல்லோரும் இறந்துவிட்டதாக வைத்து, அவர்கள் விட்டுச் சென்ற பதிவுகளை மட்டும் நமக்குத் தந்தார்கள். கதாபாத்திரத்தின் வளர்ச்சியும் எண்ணில் இல்லை. தலைவிளக்கு, ஆற்றல் கேடயம், தாவுவதற்கான கருவி என்று கண்டெடுக்கும் பொருள்களில்தான் இருந்தது. எண்ணே இல்லாமல் ஆழம் வந்துவிட்டது.

இதற்கு நேர்மாறாக 2000-இல் வந்த டியூஸ் எக்ஸ் விளையாட்டைப் பாருங்கள். உடலில் நானோ இயந்திரங்கள் ஏற்றப்பட்டு, பயிற்சி முடித்து வந்த ஓர் உளவு அதிகாரியால், லிபர்ட்டி தீவில் பத்தடி தொலைவில் நிற்பவன் மீது கைத்துப்பாக்கியை ஆடாமல் பிடிக்க முடிவதில்லை. இதை ஆழம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அஸ்தம்பட்டி அன்பு:

தம்பி, நான் பேருந்தைப் பிடிக்கத்தான் போனேன், விவாதத்திலிருந்து தப்பிக்க அல்ல.

டியூஸ் எக்ஸில் குறி தவறுவது பகடை உருட்டுவதால் அல்ல. நகராமல் நின்றால் குறி வட்டம் மெல்லச் சுருங்குகிறது; திறன் உயர உயர அது சுருங்கும் வேகம் கூடுகிறது. பயிற்சி இல்லாதவனும் காத்திருந்தால் சுடலாம், ஆனால் காவலாளி காத்திருக்க மாட்டான் என்பதுதான் அங்கே உள்ள சிக்கல். நம் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் புதிய ஓட்டுநர் பேருந்தை ஏற்றிவிடுவார்; பழகியவர் அதையே தயங்காமல் செய்வார். இருவருக்கும் உள்ள வேறுபாடு நேரம்தான். அந்த நேரத்தைத்தான் இந்த எண் அளக்கிறது. பொறுமையாக ஒளிந்து நின்று சுடுபவருக்கு அது பெரிய தடையே அல்ல, ஓடிக்கொண்டே சுட விரும்புபவருக்குத்தான் அது விலை கேட்கிறது.

அந்தப் புள்ளிகள் எதற்காகக் கிடைக்கின்றன என்பதையும் நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். டியூஸ் எக்ஸில் எதிரியைக் கொன்றால் திறன் புள்ளி கிடையாது. ஒரு மூலையைத் தேடிக் கண்டுபிடித்தால், ஒரு பணியை முடித்தால்தான் கிடைக்கும். கொலைக்கு அனுபவப் புள்ளி தருவது ஆர்பிஜிகளில் ஊறிப்போன வழக்கம். அதை இந்த எண்களை வைத்தே உடைத்திருக்கிறார்கள். பதினொரு திறன்கள், ஒவ்வொன்றிலும் நான்கு படிகள். எல்லாவற்றிலும் தேர்ந்தவராக முடியாது என்பதால், ஒரே கட்டடத்துக்குள் ஒருவர் பூட்டைத் திறந்தும், இன்னொருவர் கணினியை உடைத்தும் நுழைகிறார். உடலில் பொருத்தும் ஒவ்வொரு மேம்பாட்டுக் குப்பியிலும் இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஒன்றை எடுத்தால் மற்றது அந்தக் குப்பியோடு போயிற்று. இந்த முடிவுகளை எண் இல்லாமல் எப்படி வைப்பீர்கள்?

அண்டர்வேர்ல்டுக்கும் சிஸ்டம் ஷாக்குக்கும் தயாரிப்பாளராக இருந்த வாரன் ஸ்பெக்டர்தான் டியூஸ் எக்ஸுக்குத் தலைமை தாங்கினார். எண்களை எறிந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவரே அவற்றை மறுபடி எடுத்து வைத்திருக்கிறார் என்றால், அதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

கொண்டலாம்பட்டியான்:

இரண்டு பேரும் ஒரே குடும்பத்து விளையாட்டுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். டூம் என்ற சுடும் விளையாட்டின் எஞ்சினிலிருந்து (அதை இயக்கும் மென்பொருளிலிருந்து) பிறந்த ஹெக்ஸனையும் ஸ்ட்ரைஃபையும் யாரும் எடுக்கவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

ரேவன் நிறுவனம் உருவாக்கி 1995-இல் வெளிவந்த ஹெக்ஸனில் போர்வீரன், துறவி, மந்திரவாதி என்று மூன்று வகைக் கதாபாத்திரங்கள் உண்டு. விளையாடுபவர் திறன் புள்ளி எதையும் செலவிடுவதில்லை. ஆனால் ஓடும் வேகம், கவசம் தரும் பலன், ஆயுதங்கள் ஆகிய மூன்றும் ஒவ்வொருவருக்கும் மாறுகின்றன. போர்வீரனின் முதல் ஆயுதம் அவன் கைமுட்டிதான், எனவே அவன் எதிரியின் மூச்சுப்படும் தூரத்துக்குப் போயாக வேண்டும். மந்திரவாதியோ முதல் நொடியிலிருந்தே தொலைவில் நின்று தாக்குகிறான். ஒரே மண்டபம் இருவருக்கும் இரு வேறு இடமாகிவிடுகிறது. ஆர்பிஜியின் கதாபாத்திர வகுப்பு என்ற கருத்தை எண் பட்டியல் ஒன்றையும் காட்டாமல் கைக்கே உணர்த்திய விளையாட்டு இது. ஒரு மைய இடத்திலிருந்து பல நிலைகளுக்கு (லெவல்களுக்கு) போய்த் திரும்பி வரும் அமைப்பும் இதில் உண்டு. அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு நிலையில் விசையை அழுத்தினால், வேறொரு நிலையில் எங்கோ ஒரு கதவு திறக்கும். புதிரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தது என்று திரையில் செய்தி வரும்போது, மீதி இரண்டு பங்கைத் தேடிச் சுவர் சுவராகத் தடவியவர்களுக்கு அந்தக் கோபம் இன்றும் தீரவில்லை.

ஸ்ட்ரைஃப் 1996 மே மாதம் வந்தது. அடுத்த மாதமே குவேக் என்ற சுடும் விளையாட்டு வந்து உலகத்தின் கண் முழுவதையும் இழுத்துக்கொண்டது. டூம் எஞ்சினில் ஓர் ஊரையே அமைத்திருந்தார்கள். கடைக்காரரிடம் பேசலாம், தோட்டா வாங்கலாம், வேலை கேட்கலாம். சத்தம் எழுப்பும் ஆயுதத்தால் சுட்டால் அபாய மணி ஒலிக்கும், குத்துக் கத்தியால் முடித்தால் ஒலிக்காது. யார் பேச்சைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். துல்லியம், உடல் வலிமை என்று இரண்டே எண்கள் இருந்தன. அவையும் பெரும்பாலும் கதையில் ஒரு கட்டத்தைத் தாண்டும்போது பரிசாகவே உயர்ந்தன. சேர்வராயன் வெறுக்கும் துல்லிய எண் டியூஸ் எக்ஸுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே இங்கே இருந்தது. யாரையும் எரிச்சலூட்டாமல் இருந்தது.

மேகம்:

ஏற்காட்டிலேயே இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வர முடியாமல் போனவள் நான். இந்த வாதத்தில் கொள்கையை மட்டும் பேசுகிறீர்கள், இயந்திரத்தை மறந்துவிட்டீர்கள்.

அண்டர்வேர்ல்டில் சரிவான தரை, மேலும் கீழும் பார்க்கும் வசதி, தாவுதல், நீந்துதல் எல்லாம் இருந்தன. தரைக்கும் கூரைக்கும்கூடப் பட அமைப்பு இருந்தது. அந்தக் காலத்துக் கணினியால் இத்தனையையும் முழுத்திரையில் வேகமாக வரைய முடியாது. எனவே உலகம் தெரியும் சன்னல் சிறியது, அசைவு மெதுவானது. இரண்டு மாதம் கழித்து வந்த உல்ஃபென்ஸ்டைன் 3டி என்ற சுடும் விளையாட்டு இவற்றையெல்லாம் விட்டுவிட்டது. எல்லாச் சுவரும் செங்கோணம், தரை ஒரே மட்டம், தரைக்கும் கூரைக்கும் வெறும் வண்ணம். அந்தத் துறவுக்குக் கிடைத்த பலன்தான் வேகம். டூமுக்காக, அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் டாம் ஹால் எழுதிய தொடக்கத் திட்டத்தில் பல கதாபாத்திரங்களும் விரிவான கதையும் இருந்தன. அவற்றில் பெரும்பகுதியைக் கழித்தார்கள், 1993-இல் அவரும் நிறுவனத்தை விட்டு விலகினார். ஆக, மெதுவான எஞ்சினில் யோசிக்க நேரம் கிடைத்தது, அந்த நேரத்தை எண்கள் நிரப்பின. வேகமான எஞ்சினில் எண்களுக்கு இடமே இருக்கவில்லை. அண்டர்வேர்ல்டில் வாள் வீசுவதையே பாருங்கள்: மவுஸைத் திரையின் மேலே, நடுவே, கீழே எங்கே வைத்து அழுத்துகிறோம் என்பதற்கேற்ப வீச்சு மாறும், எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோமோ அவ்வளவு பலம் ஏறும். கையும் எண்ணும் அங்கே சண்டையிடவில்லை, ஏனென்றால் இரண்டுக்கும் போதுமான மெதுவான தாளம் இருந்தது. 2000-இல் இயந்திரம் வேகமாகிவிட்ட பிறகு அதே எண் உறுத்துவதில் வியப்பில்லை.

ஒரு துணைச்செய்தி. இந்த விளையாட்டுகள் நம் ஊரில் பேசப்படாமல் போனதற்கு, அவை பிரதி எடுத்த சிடியில் கையேடு இல்லாமல் வந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அண்டர்வேர்ல்டில் எந்த மந்திரக் கற்களைச் சேர்த்தால் எந்த மந்திரம் என்பது அச்சிட்ட கையேட்டில் இருந்தது. அது இல்லாதவருக்குப் பை நிறையக் கற்கள் மட்டுமே மிஞ்சும். ஐந்து ரோட்டுப் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்தவர், அடுத்த முறை வரும்போது தன் சேவ் கோப்பு அந்தக் கணினியில் இருக்குமா என்று தெரியாத நிலையில், பூட்டுத் திறக்கும் திறனுக்குப் புள்ளி சேமிப்பாரா?

சேர்வராயன்:

அக்கா சொன்ன காரணம் எனக்குச் சாதகமாகவே இருக்கிறது. எண்கள் ஒரு தொழில்நுட்பக் குறையின் துணைவிளைவு என்றால், குறை நீங்கிய பின் அவற்றுக்கு என்ன வேலை?

அன்பு அண்ணனின் ஓட்டுநர் உவமைக்கு ஒரே பதில்: மலைப்பாதையில் பழகுவது ஓட்டுநர், பேருந்து அல்ல. விளையாட்டில் ஓட்டுநர் நான்தான். பல மணி நேரம் விளையாடி என் கை தேர்ந்த பிறகும், புள்ளி போடவில்லை என்பதற்காக என் தேர்ச்சியை விளையாட்டு மறுக்கிறது.

டியூஸ் எக்ஸில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பவற்றைப் பட்டியலிடுங்கள். சுவரில் ஒட்டும் வெடிகளைப் படிகளாக்கி, வடிவமைத்தவர்களே எதிர்பாராத உயரங்களுக்கு ஏறினார்கள். அலுவலகத்தில் பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்தால், மேலதிகாரி அதைக் கேள்விப்பட்டுக் கண்டிக்கிறார். இவை எதற்கும் ஒரு திறன் புள்ளிகூடத் தேவையில்லை. உலகம் தன் விதிகளின்படி இயங்கியது, நாம் செய்ததைக் கவனித்தது. இது சிஸ்டம் ஷாக்கின் வழி.

அஸ்தம்பட்டி அன்பு:

சிஸ்டம் ஷாக்கை இவ்வளவு புகழ்கிறீர்கள், அதன் தொடர்ச்சியை ஏன் தொடவே இல்லை? 1999-இல் லுக்கிங் கிளாஸ், இர்ரேஷனல் என்ற இரு நிறுவனங்களும் சேர்ந்து சிஸ்டம் ஷாக் 2-ஐ உருவாக்கியபோது எண்கள் முழுப் படையோடு திரும்பி வந்தன. ஆனால் அங்கே அவை குறியைத் தொடவில்லை. ஆயுதத்துக்கு வாசல் வைத்தன: கைத்துப்பாக்கிக்கு வழக்கமான ஆயுதத் திறனில் ஒன்று போதும், தாக்குதல் ரைஃபிளுக்கு ஆறு வேண்டும். திறனை உயர்த்தச் செலவிடும் ஒவ்வொரு மாட்யூலையும் நினைத்து வருந்த வைக்கிறது அந்த விளையாட்டு. விண்கப்பலின் இருட்டு வழியில் பயம் வருவதற்குப் பாதிக் காரணம் அரக்கர்கள், மீதிப் பாதிக்குக் காரணம் தவறான திறனில் புள்ளியைக் கொட்டிவிட்டோமோ என்ற ஐயம். எண்ணை எடுத்துவிட்டால் அந்தப் பயத்தில் பாதி போய்விடும்.

சேர்வராயன்:

ரைஃபிள் கையில் இருக்கிறது, தோட்டா இருக்கிறது, எண் ஐந்தாக இருப்பதால் விசையை அழுத்த முடியாது என்பது எனக்குப் பயத்தைவிடச் சிரிப்பையே தருகிறது. ஆயுதம் வெகு வேகமாகத் தேய்ந்து பழுதாவதும் அதே விளையாட்டில்தான். அதற்கு எழுந்த எதிர்ப்பால், பின்னால் வந்த திருத்தத்தில் தேய்மானத்தைக் குறைக்க வழி வைத்தார்கள். பற்றாக்குறை பயம் தரும் என்பதை ஏற்கிறேன். அந்தப் பற்றாக்குறையைத் தோட்டாவில் வைக்கலாம், ஆயுதத்தின் மேல் வைக்க வேண்டியதில்லை.

கொண்டலாம்பட்டியான்:

சிரிப்பு என்றால் முதல் சிஸ்டம் ஷாக்கிலும் உண்டு. சண்டை, பணி, புதிர், சைபர்வெளி என்று நான்கு பிரிவுகளுக்கும் தனித்தனியே பூஜ்யம் முதல் மூன்று வரை கடினத்தை நாமே தொடக்கத்தில் அமைக்க வேண்டும். எண்ணே இல்லாத விளையாட்டு என்றீர்கள். கதாபாத்திரத்துக்கு இல்லாத எண்ணை விளையாடுபவருக்கு வைத்திருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்த யோசனை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்தவர்கள் அதை அதிகம் பின்பற்றவில்லை.

மேகம்:

இது இப்படியே போனால் முடிவு வராது. இருவரிடமும் ஒரே கேள்வி: டியூஸ் எக்ஸின் பதினொரு திறன்களில் எதை நீக்குவீர்கள்?

அஸ்தம்பட்டி அன்பு:

நீச்சல். விளையாட்டு முழுவதிலும் அதற்குப் புள்ளி போட்டு மகிழ்ந்தவரை நான் பார்த்ததில்லை. நச்சுப் புகைக்கான உடைகளைப் பற்றிய சூழல் பயிற்சியையும் விட்டுவிடலாம். ஒரு திறன் நுழைவழியை மாற்றாமல் தாங்கும் நேரத்தை மட்டும் நீட்டுமானால், அது எண்ணிக்கைக்காகச் சேர்த்தது.

சேர்வராயன்:

ஆயுதங்களுக்கான ஐந்தையும் நீக்குவேன். பூட்டு, மின்னணு, கணினி, மருத்துவம் நான்கும் இருக்கட்டும். நீச்சலைப் பற்றி அண்ணன் சொன்னதே போதும்.

அஸ்தம்பட்டி அன்பு:

அந்த ஐந்தையும் எடுத்துவிட்டால், புள்ளி முழுவதையும் பூட்டிலும் கணினியிலும் கொட்டியவரும் ஆயுதம் ஏந்தியவருக்குச் சமமாகச் சுடுவார். பிறகு மறைந்து செல்ல அவருக்கு என்ன கட்டாயம்? எல்லோரும் முன்வாசல் வழியாகவே வருவார்கள்.

சேர்வராயன்:

வரட்டும், அண்ணா. முன்வாசலில் அதிகக் காவலாளிகளை நிறுத்துங்கள், தோட்டாவைக் குறைத்துக் கொடுங்கள். அது நிலையை வடிவமைப்பவரின் வேலை, கதாபாத்திரத்தின் மணிக்கட்டின் வேலை அல்ல.